மேயர் வீட்டுக்கு நீங்கள் போன மாலை

செவ்வாய்க்கிழமை காலை நம் டிப்போவுக்கு ஒரு கன்டெய்னர் வந்தது. முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்ததும் தேக்கு வாடை முகத்தில் அடித்தது. கப்பலில் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த பச்சை மரத்தின் வாடை; புளித்த மாவும் பழைய தோலும் கலந்த மாதிரி இருக்கும். தடிகளின் வெட்டு முனையில் சிவப்பு மண் காய்ந்து ஒட்டியிருந்தது. நம்மூர் ஆட்கள் பார்த்தால் தேரி மண் என்றுதான் சொல்வார்கள். எந்த மலை மண் என்று எனக்குத் தெரியும். மரம் அளக்கிற முத்துராஜ் அண்ணாச்சி டேப்பை நீட்டிக்கொண்டு உள்ளே ஏறப் போனார். நான் தடுத்தேன்.

"கதவ மூடுங்க அண்ணாச்சி. இந்தச் சரக்கு நமக்கு வேண்டாம்."

"என்ன தாயி இப்படிச் சொல்லுதீய? சார் காலத்துல இருந்து வார சரக்குல்லா?"

"அதனாலதான்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. முதல் சில மாதங்கள் உங்களை நினைத்து அழுதேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இப்போது உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. இவ்வளவு காலம் எதுவானாலும் உங்களிடம்தானே சொல்லிப் பழக்கம்.

ஹோண்டுராஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டதே உங்கள் வாயால்தான். பர்மா தேக்கு வரத்து குறைந்து, தூத்துக்குடி மர வியாபாரிகள் எல்லாரும் ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று ஆள் அனுப்பிக்கொண்டிருந்த சமயம். நீங்கள் ஆள் அனுப்பவில்லை, நீங்களே கிளம்பினீர்கள். நம் மகள் ஜென்சியைப் பாளையங்கோட்டையில் விடுதியில் சேர்த்துவிட்டு என்னையும் வரச் சொன்னீர்கள். நான் தயங்கினேன்.

"ஏளா, தனியாப் போயி நான் என்னத்தத் திங்க? ரெண்டே வருசம். கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிப் போயிரும்" என்றீர்கள்.

ஓடியது ஆறு வருடம்.

தேக்குத் தோட்டங்கள் இருந்த மலைக்குக் கீழே, துறைமுகத்துக்குப் போகிற சாலை ஓரத்தில் இருந்தது அந்த ஊர். பக்கத்து வீட்டில் மார்த்தா. பெயரே எனக்கு அந்நியமாக இல்லை. எங்கள் தெருவிலேயே மூன்று மார்த்தாக்கள் உண்டு. அவள்தான் எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக் கொடுத்தாள். மேசையைத் தட்டிக் காட்டி 'மேசா' என்றாள். அலமாரியைக் காட்டி 'அர்மாரியோ' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் இதே பெயர்தான் என்றேன். "உன் ஊருக்கும் ஸ்பெயின்காரர்கள் வந்தார்களா?" என்று கேட்டாள். "அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள்" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லி அன்றெல்லாம் சிரித்தாள். எனக்கு உடன்பிறந்த அக்கா தங்கை கிடையாது. மார்த்தா வந்த பிறகு அந்தக் குறை தெரியவில்லை.

அவள் கணவன் ஆஸ்கார் நம் லாரியை ஓட்டினான். மலையிலிருந்து தடிகளை இறக்கித் துறைமுகத்தில் சேர்ப்பது அவன் வேலை. உங்களை 'சார்' என்று கூப்பிட வேண்டாம், 'அண்ணாச்சி' என்று கூப்பிடு என்று நீங்களே சொல்லிக் கொடுத்தீர்கள். அவன் வாயில் அது 'அனாச்சி' ஆயிற்று. பிறகு மார்த்தாவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் நீங்கள் அனாச்சிதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஒரு வாரம் அவர்கள் வீட்டில் சாப்பாடு, ஒரு வாரம் நம் வீட்டில். அவள் வைக்கும் சிவப்பு அவரைக் குழம்பு உங்களுக்குப் பிடிக்கும். என் புளிக்குழம்பை ஆஸ்கார் கிண்ணத்தோடு குடிப்பான்.

ஊருக்கு வெளியே ஆற்றுப் பாலம். அங்கேதான் ஊரை ஆட்டிவைத்த ஒரு ரவுடிக் கும்பலின் பையன்கள் நிற்பார்கள். கடக்கிற ஒவ்வொரு வண்டியும் அவர்களுக்குக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பஸ் ஓட்டுகிறவர், டாக்சிக்காரர், தலையில் காய்கறிக் கூடை சுமந்து போகிற பெண் என யாருக்கும் விலக்கு கிடையாது. அதற்குப் போர் வரி என்று பெயர். யாரோடு யாருக்குப் போர் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. கட்டாத ஆளைச் சுட்டுவிடுவார்கள். நம் தெருமுனை ரொட்டிக் கடைக்காரர் அப்படித்தான் போனார். அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவி கடையைத் திறந்தாள். ரொட்டியும் விற்றாள், வரியும் கட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. மேயர் பதவிக்கு நின்றவர் மருந்துக் கடை வைத்திருந்தவர். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். "இந்த ஊரில் இனி எந்தத் தாயும் தன் பிள்ளையைப் புதைக்கக் கூடாது" என்று மேடையில் சொன்னார். அந்த மேடைக்குப் பலகை நம்முடையது. மார்த்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் கை தட்டினேன்.

"நம்மூர்ல பாக்குத ஆள மாதிரி இல்லளா இவன். படிச்சவன். பயமும் கெடையாது" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

அவர் ஜெயித்தார். சில மாதங்கள் பாலம் காலியாகக் கிடந்தது. பிறகு அதே பையன்கள் திரும்பி வந்தார்கள். இந்த முறை, கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளை மட்டும் அவர்கள் நிறுத்துவதில்லை. நம் லாரிகளில் அந்த ஸ்டிக்கர் இருந்தது. என்ன அது என்று கேட்டேன். நகராட்சி அனுமதி என்றீர்கள். நம்பினேன். உங்களை நம்புவதற்கு நான் ஒருநாளும் யோசித்தது கிடையாது. மூச்சு விடுவதற்கு யாராவது யோசிப்பார்களா?

ஒரு மாலை ஆஸ்கார் நம் வீட்டுக்கு வந்தான். மழைத் தூறலில் நனைந்திருந்தான். துவாலையைக் கொடுத்துவிட்டு காபி போட்டேன். நீங்கள் இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தீர்கள். மேயரின் பண்ணை வீட்டுக்குப் பலகை இறக்கப் போன இடத்தில் பார்த்ததைச் சொன்னான். அந்தக் கும்பலின் தலைவனை ஊரில் 'ஒல்லியன்' என்பார்கள். போலீஸ் அவனை மாகாணம் முழுக்கத் தேடுவதாகச் செய்தி. அவன் மேயரின் வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். மேயர் தன் கையாலேயே ஆரஞ்சு உரித்து, ஒவ்வொரு சுளையாகக் கொட்டை எடுத்து அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"என் மகளுக்குக்கூட நான் கொட்டை எடுத்துக் கொடுத்ததில்லை அனாச்சி" என்று சொல்லிச் சிரித்தான். 

பிறகு சொன்னான்: "தலைநகரிலிருந்து அரசு வழக்கறிஞர் ஒரு பெண்மணி வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவரிடம் போய், நான் பார்த்ததைச் சொல்லிவிடப் போகிறேன். மார்த்தாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னால் போக விடமாட்டாள். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நான் செய்வது சரிதானா?"

நீங்கள் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தீர்கள். "சரிதான் ஆஸ்கார். போய்ச் சொல். நான் இருக்கிறேன்" என்றீர்கள்.

உங்களுக்கு வாழ்க்கைப்பட்டதற்காக நான் பெருமைப்பட்ட நேரங்கள் பல உண்டு. அதற்கு மேல் ஒன்று இருந்ததில்லை.

அவன் போனதும் நீங்கள் கார்ச் சாவியை எடுத்தீர்கள்.

"மேயர் வீடு வரைக்கும் போயிட்டு வந்துருதேன். ஒரு கையெழுத்து வாங்கணும்."

"இதெல்லாம் கேட்ட பொறவுமா? அவரு மூஞ்சியில எப்படி முழிப்பீய?"

"வாரேன்னு காலையிலேயே சொல்லியாச்சு. இப்பப் போகாம இருந்தாத்தான் அவனுக்குச் சந்தேகம் வரும். நீ கதவச் சாத்திக்கோ."

எவ்வளவு நிதானமான மனுசன் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தீர்கள். தோசை ஊற்றினேன். நன்றாகச் சாப்பிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை, அதே பாலத்தில், பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய நம் லாரியை முதல் முறையாக நிறுத்தினார்கள். கிளீனரை இறக்கி நடந்து போகச் சொன்னார்கள். ஆஸ்காரை இறங்கக்கூடச் சொல்லவில்லை.

சவப்பெட்டியை முன்னால் பிடித்துத் தூக்கியது நீங்கள். கல்லறையில் மார்த்தா உங்கள் மார்பில் விழுந்து கதறினாள். அதற்குள் அந்த அரசு வழக்கறிஞர் அவளைப் பார்த்து, ஆஸ்கார் தன்னைச் சந்திக்க வருவதாக இருந்ததைச் சொல்லியிருந்தார். "யாருக்கும் தெரியாதே அனாச்சி! எனக்கே தெரியாதே! அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டாள்.

"இந்த ஊரில் எதையும் மறைக்க முடியாது மகளே" என்று சொல்லிவிட்டு நீங்களும் அழுதீர்கள். அந்த அழுகை பொய் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை வதைக்கிறது.

அந்த மாதமே மலையின் மேற்குச் சரிவில் மரம் வெட்ட அனுமதி நம் பெயருக்கு வந்தது. ஊரில் பலர் வருடக்கணக்கில் கேட்டுக் கிடைக்காத அனுமதி. வேலையை ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, "இனிமே இங்கன வேண்டாம்ளா. நம்ம உசுரு முக்கியம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டீர்கள். விமானத்தில் வழி முழுக்க உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஆஸ்காரைக் காப்பாற்ற முடியாத வருத்தம் உங்களை அரிக்கிறது என்று நினைத்தேன்.

தூத்துக்குடியில் நீங்கள் பெரிய ஆள் ஆனீர்கள். மற்றவர்களுக்குக் கிடைக்காத விலையில் உங்களுக்கு மட்டும் தேக்கு வந்தது. மாதா கோயில் தேருக்குப் புதுச் சட்டம் செய்ய மரம் கொடுத்தீர்கள். கிறிஸ்துமஸ் தோறும் மார்த்தாவின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு அனுப்பினீர்கள். நான் சொல்லாமலே அனுப்பினீர்கள். ஒருநாள் காலையில் செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்து போனீர்கள். துறைமுகத்திலிருந்து வந்த கூட்டம் தெரு முழுக்க நின்றது. மார்த்தா போனில் அழுதாள். "எனக்கு அப்பா இரண்டாவது முறை செத்துவிட்டார்" என்றாள்.

சில மாதங்கள் கழித்து அவளிடமிருந்தே ஒரு அழைப்பு வந்தது. எனக்குக் காலை, அங்கே முந்தைய நாள் மாலை. வீடியோவில் அவள் முகம் இறுகியிருந்தது. நலம் விசாரிக்கவில்லை.

"ஆஸ்கார் உங்கள் வீட்டு மேசையில் கடைசியாக என்ன சொன்னான்? யோசிக்காதே. ஞாபகம் இருக்கிறதை அப்படியே சொல்."

நான் சொன்னேன். அவனைப் பற்றிப் பேசக் கிடைத்ததே என்ற ஆசையில் எல்லாம் சொன்னேன். வராந்தா, ஆரஞ்சு, கொட்டை, மகளைப் பற்றி அவன் சொல்லிச் சிரித்தது. கடைசியில், "எங்க வீட்டுக்காரர் அவனுக்கு எவ்வளவு தைரியம் சொன்னார் தெரியுமா?" என்றும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மார்த்தா அங்கே நடந்ததைச் சொன்னாள்.  

ஆட்சி மாறியதும் மேயரைக் கைது செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே சிறையில் இருந்த ஒல்லியன் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறான். நீதிமன்றத்தில் அவன் சொன்னது இது: 'லாரிக்காரன் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று மேயர்தான் எனக்குச் சொல்லி அனுப்பினார். அவருக்கு அந்த இந்தியன் சொன்னான். ஒரு மாலை வீட்டுக்கே வந்து சொன்னான். நான் ஆரஞ்சு தின்றதைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறான்.' எந்த இந்தியனும் என் வீட்டுக்கு வந்ததில்லை என்று மேயர் மறுத்துவிட்டார்.

"ஒல்லியன் கொலைகாரன். அவன் பேச்சை நான் நம்பவில்லை" என்றாள் மார்த்தா. "அந்த ஆரஞ்சுக் கதை எனக்கே தெரியாது. அனாச்சியைப் பற்றி இப்படிப் பேசுகிறானே என்று நீதிமன்றத்திலேயே அவனைத் திட்டினேன். நீ அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்வாய் என்றுதான் கூப்பிட்டேன். நீயும் அதே ஆரஞ்சைச் சொல்கிறாய்."

அப்போது நான் உங்களைக் காப்பாற்றப் பார்த்தேன். வேறு யாராவது ஒட்டுக் கேட்டிருக்கலாம், ஆஸ்காரே வேறு எங்காவது சொல்லியிருக்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் சாவியை எடுத்த சத்தம் என் காதில் கேட்டது. அதோடு நிறுத்திவிட்டேன். மார்த்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்றைக்கு அவர் வெளியே போனாரா?" என்று கேட்டாள்.

"போனார்" என்றேன்.

"எங்கே?"

சொன்னேன்.

நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு விஷயம்தான். அன்று மாலை நீங்கள் மேயர் வீட்டுக்குப் போனது, மேயரை விட்டால், நேரடியாகத் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். அரசு வழக்கறிஞர் என்னிடம் பேசினார். இந்தியாவிலிருந்தபடியே கணினியில் சாட்சி சொல்லலாம் என்றார். ஜென்சியிடம் சொன்னேன். அவள் சென்னையிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள்.

"அம்மா, அப்பா செத்துப் போயாச்சு. இனிமே யாருக்கு என்ன வரப் போவுது? நீங்க வாயத் தொறந்தா ஊரு என்ன சொல்லும்? என் மாமியார் வீட்டுல நான் எப்படித் தலை நிமிந்து நிக்க?"

"மார்த்தா நிக்கணும்லா ஜென்சி."

"அவ யாரும்மா உங்களுக்கு?"

 எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, "அப்பா உங்களுக்காகத்தான் செஞ்சிருப்பாவ. உங்களுக்கு எதுவும் ஆயிரும்னு பயந்திருப்பாவ" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அத மட்டும் சொல்லாத. என் உசுருக்குப் பதிலா ஆஸ்கார் உசுரக் குடுத்தாருன்னு சொன்னா, அதச் சொமக்க எனக்குத் தெம்பு கெடையாது."

அவள் அன்றே கிளம்பிப் போனாள். இன்னும் பேசவில்லை.

இங்கே ஒரு வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து சாட்சி சொன்னேன். மொழிபெயர்க்க ஆள் வைக்கிறோம் என்றார்கள். வேண்டாம், மார்த்தா சொல்லிக் கொடுத்த ஸ்பானிஷ் போதும் என்றேன். திரையில் மேயர் தெரிந்தார். நரைத்திருந்தார், அதே வெள்ளைச் சட்டை. அவருடைய வக்கீல் என்னைக் குடைந்தெடுத்தார். கடைசியில், "உங்கள் கணவர் உயிரோடு இல்லை, தன் பக்கத்தைச் சொல்ல அவரால் முடியாது. அவரைத் துரோகி என்று சொல்வதில் உங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது?" என்று கேட்டார்.

"நான் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை. அன்று மாலை அவர் எங்கே போனார் என்று கேட்டீர்கள், சொன்னேன். எதற்குப் போனார் என்பதை, அவர் உயிரோடு இருந்தபோது நான் கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். கையெழுத்து வாங்க என்று பொய் சொல்லித்தான் கிளம்பினார். அந்தப் பொய்யை அவர் சொன்னது உங்களிடம் அல்ல, என்னிடம்" என்றேன்.

தமிழில் இவ்வளவு நேராகப் பேசியிருப்பேனா தெரியாது. அந்நிய மொழியில் சுற்றிவளைக்க வழி தெரியவில்லை.

போன வாரம் தீர்ப்பு வந்தது. மேயருக்குச் சிறை. அவருடைய கட்சி அடுத்த தேர்தலுக்கு அவர் மைத்துனரை நிறுத்தப் போகிறதாம். பாலத்தில் இப்போது வேறு ஒரு கும்பலின் பையன்கள் நிற்கிறார்களாம். மார்த்தா வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு தன் தங்கை இருக்கிற ஊருக்குப் போய்விட்டாள். போவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டாள். நன்றி சொல்லவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் வேறு என்னவோ பேசிவிட்டு, "அவரை முழுசாக வெறுத்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். என் பிள்ளைகள் இன்னும் அவரைப் பற்றிக் கேட்கிறார்கள். என்ன சொல்ல?" என்றாள். 

அன்று மேயர் வீட்டுக்குள் நீங்கள் போனதும் என்ன நடந்தது என்று எனக்கு யார் சொல்வார்கள்? உங்களை மிரட்டினார்களா? பேச்சுவாக்கில் வாய் தவறிவிட்டதா? கொல்ல மாட்டார்கள், பயமுறுத்தி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தீர்களா? மேற்குச் சரிவு மரங்களை மனதில் வைத்தே படியேறினீர்களா? திரும்பி வந்த பிறகு எத்தனையோ வருடம் என் பக்கத்தில் படுத்து எழுந்தீர்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், பேசாமல் இருந்திருப்பேன், அப்பா வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் உங்களைத் தெரிந்தவளாக இருந்திருப்பேன்.

உங்கள் சட்டைகள் எல்லாம் பீரோவில் அப்படியே இருக்கின்றன. ஒரு வருடம் ஆவதற்குள் இல்லாதவர்கள் யாருக்காவது கொடுத்துவிடு என்று உங்கள் தங்கை சொல்கிறாள். கொடுக்கலாம் என்று எடுப்பேன், கை வராது. தீ வைத்துவிடலாம் என்று எடுப்பேன், அதற்கும் கை வராது. நேற்றும் எல்லாவற்றையும் எடுத்து மாடியில் வெயிலில் காயப்போட்டேன். கடல் காற்றில் கை நீட்டி ஆடிக்கொண்டிருந்தன. பொழுது சாயும் முன்னே போய் ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, மறுபடியும் உள்ளே வைத்துப் பூட்டினேன்.